ஐந்தாவது பெட்டி

நான் ஒரே மாலையில் பத்தொன்பது பேரைச் சாகடித்திருக்கிறேன். பத்தொன்பது பேரும் இப்போது நன்றாக இருக்கிறார்கள். அதில் ஒருவர் காரைக்குடியில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கிறார். பிரின்டர் பேப்பருக்கு நான் அவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. கட்டைக் கையில் கொடுக்கும்போது, "செத்தவன் கையால வாங்கிக்கம்மா" என்பார். முதல் வருஷம் அழுகை வந்தது. இப்போது வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

வலைப்பக்கங்களில் பெயர், போன் நம்பர் என்று நிரப்புகிறீர்களே, அந்தப் பெட்டிகளைச் செய்வதுதான் என் தொழில். சென்னைக் கம்பெனி, வேலை வீட்டிலிருந்தே. இதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பதவிப் பெயர் உண்டு. இருபத்தாறு வயதில் அதை எல்லோரிடமும் முழுசாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா மட்டும் அக்கம்பக்கத்தில், "கம்ப்யூட்டர்ல பெட்டி பெட்டியா வரைஞ்சு கலர் அடிக்கிறா" என்று முடித்துக்கொள்வாள். கேட்டால் கோபமாக வரும். (இப்போது யோசித்தால் அதைவிடச் சரியாக என் பயோடேட்டாவில்கூட எழுதியதில்லை.)

அந்த வருஷம் ஜூலையில் அம்மா இறந்துபோனாள். மூன்று மாதம் படுக்கையில் கிடந்து, பேச்சு நின்று, ஒரு திங்கட்கிழமை காலையில் போனாள். அப்பா அப்போதுதான் பால் வாங்கப் போயிருந்தார். பால் பாக்கெட்டோடு வந்து வாசலில் நின்றவரிடம் நான்தான் சொன்னேன். அவர் முதலில் உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்தார்.

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் அன்று, கல்லறைத் தோட்டத்திலேயே பூசை நடக்கும். அவரவர் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிப் பக்கத்தில் நிற்போம். இறந்தவர்கள் பெயரை எல்லாம் ஃபாதர் மைக்கில் வாசிப்பார். அதற்காக ஒவ்வொரு வீட்டிலும் முன்கூட்டியே ஒரு சீட்டில் பெயர் எழுதிக் கோயிலில் வைத்திருக்கும் பெட்டியில் போட வேண்டும். எங்கள் வீட்டுச் சீட்டை எப்போதும் அம்மாதான் எழுதுவாள். எங்கள் தெருவில் நான்கு வீட்டுச் சீட்டுகளும் அவள் கையெழுத்தில்தான் போகும். யார் வீட்டில் யார் எப்போது செத்தார்கள் என்பது அந்தந்த வீட்டுக்காரர்களைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அந்த அக்டோபரில் அப்பா ஒரு சீட்டைக் கிழித்து வைத்துக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்தார். அப்பா சவரிமுத்து, ரிட்டையரான கணக்கு வாத்தியார். முப்பத்து மூன்று வருஷம் வருகைப் பதிவேடு எழுதிய கை. 'பி' என்று எழுதினார். அம்மா பெயர் பிலோமினா. அதற்கு மேல் போகாமல் பேனாவை மூடிவிட்டு, "நீ எழுதிரும்மா" என்று என் பக்கம் தள்ளினார். நான் 'லோ' எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். பிறகு நானும் மூடிவிட்டேன்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. ஒரு சீட்டில் ஒரு பெயரை எழுதப் பயந்துகொண்டு, அதற்காக ஒரு வலைப்பக்கமே கட்டிய ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஃபாதர் எங்கள் பங்குக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களும் பெயர் அனுப்பலாமே என்று சொன்னதும் சந்தோஷமாகச் சம்மதித்தார். கோயில் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் லூர்து அக்கா மட்டும் மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். வழக்கமாகச் சீட்டுகளைப் பிரித்து, பெயர் பெயராகச் சரிபார்த்து, நோட்டில் எழுதுவது அவர் வேலை. இனி அந்தச் சிரமம் இல்லை, கம்ப்யூட்டரே பட்டியல் போட்டுத் தரும், நீங்கள் பிரின்ட் மட்டும் எடுத்தால் போதும் என்று நான் பெருமையாகச் சொன்னேன். (உயிரோடு இருப்பவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரே ஆளை இப்படித்தான் வேலையை விட்டு விலக்கினேன்.)

படிவத்தில் இரண்டு பகுதி. மேலே அனுப்புகிறவரின் பெயரும் போன் நம்பரும். கீழே இறந்தவர்களின் பெயருக்கு நான்கு பெட்டிகள். மேலே உள்ளவை வெள்ளைப் பெட்டி, கறுப்பு எழுத்து. கீழே உள்ளவை கறுப்புப் பெட்டி, வெள்ளை எழுத்து. உயிருக்கு வெள்ளை, சாவுக்குக் கறுப்பு என்பது என் கலை நோக்கு. யாரும் கேட்கவில்லை. அப்பாவிடம் காட்டியபோது கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கரும்பலகை மாதிரி இருக்கு. எழுத்து தெரியுதுல்ல, அது போதும்" என்றார். கலையைப் பற்றி அவரிடம் ஒன்றும் வரவில்லையே என்று எனக்கு வருத்தம்.

பிறகு நீலம் வந்தது. அதை விளக்கிவிடுகிறேன், ரொம்பச் சிக்கலில்லை. நாம் ஒரு தரம் அடித்த பெயரை பிரௌசர் ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த தரம் தொட்டவுடன் தானே நிரப்பிக் கொடுக்கும். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காது. 'இது நான் நிரப்பியது' என்று காட்டுவதற்குப் பெட்டிக்குத் தன் இஷ்டப்படி ஒரு நிறம் பூசும். ஒரு பிரௌசர் வெளிர் நீலம் பூசியது. இன்னொன்று மஞ்சள். மூன்றாவது எதுவுமே செய்யவில்லை. நான் கறுப்பு என்று எழுதி வைத்ததை எவனும் மதிக்கவில்லை. சாவுப் பட்டியலின் நடுவில் தொட்டில் துணி மாதிரி ஒரு வெளிர் நீலம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பத்து நாள் அந்த நீலத்தோடு சண்டை போட்டேன். ஒரு கட்டளை எழுதுவேன், கேட்காது. இன்னும் அழுத்தி எழுதுவேன், அப்போதும் கேட்காது. பிரௌசரின் சொந்தக் கட்டளை எனக்கு மேலதிகாரி. அப்பா சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தேன். உண்மையைச் சொன்னால், அம்மாவுக்காக அழுதிருக்க வேண்டிய பத்து நாள் அது. அழுவதற்குப் பதிலாக நீலத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

கடைசியில் ஒரு குறுக்கு வழி கிடைத்தது. பெட்டியின் நிறத்தைத்தான் மாற்ற முடியாது. ஆனால் பெட்டிக்கு உட்புறமாக ஒரு நிழல் விழச் செய்யலாம். அந்த நிழலைக் கறுப்பாக, பெட்டி முழுவதும் மூடும் அளவுக்கு அகலமாகப் போட்டுவிட்டால், நீலம் அடியில் கிடக்கும், வெளியே தெரியாது. போட்டேன். மூன்று பிரௌசரிலும் ஒரே கறுப்பு. சோதனைக்குக்கூட அம்மா பெயரை அடிக்க மனசு வராமல் 'கககக' என்றுதான் அடித்து வந்தேன். நீலம் மறைந்தபோது அந்த ககககவும் சேர்ந்து மறைந்தது. அது எங்கே போனது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. பெட்டி கறுப்பாக இருக்கிறதா, இருக்கிறது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். நீலம் பூசுகிற பிரௌசர் எழுத்தையும் தன் விருப்பப்படி கறுப்பாக்கிவிடும். நீலத்தின் மேல் கறுப்பு எழுத்து தெரியும். கறுப்பு நிழலின் மேல் தெரியாது. எழுத்து அங்கேதான் இருக்கும், ஆனால் பார்க்கிறவருக்குக் காலிப் பெட்டி.

இது மட்டும் என்றால்கூடப் பெரிய ஆபத்து இல்லை. பக்கத்தை வெளியிட இருந்த அன்று லூர்து அக்கா வந்து பார்த்துவிட்டு, "நாலு பெட்டிதானா? நாலு பேரோட நிக்கிற வீடு எதும்மா இருக்கு? இன்னொண்ணு வையி" என்றார். அவசரம். மேலே இருந்த 'அனுப்புகிறவர் பெயர்' பெட்டியை அப்படியே பிரதியெடுத்துக் கீழே ஒட்டி, கறுப்பு அடித்துவிட்டேன். உள்ளே, இது யார் பெயர் என்று பிரௌசருக்குச் சொல்லும் குறிப்பை மாற்ற மறந்துபோனேன். பார்க்க அது இறந்தவருக்கான ஐந்தாவது பெட்டி. பிரௌசரைப் பொறுத்தவரை அதுவும் அனுப்புகிறவரின் பெயர். அனுப்புகிறவர் மேலே ஒரு தரம் தொட்டால், அவர் பெயர் மேலேயும் விழும், கீழே ஐந்தாவதிலும் விழும். கீழே விழுந்தது கண்ணுக்குத் தெரியாது.

அப்பா கடைசி நாள் வரைக்கும் தள்ளிப்போட்டார். பிறகு ஒரு மத்தியானம் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார். "போட்டுட்டேன். அவ பேரு வெள்ளையா நல்லாத் தெரிஞ்சுச்சு" என்றார். அப்போதுதான் இந்தப் பக்கத்தைக் கட்டியதற்கு ஒரு அர்த்தம் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. செம்மண் சேறு செருப்பில் அப்பிக்கொண்டு வந்தது. அம்மாவின் கல்லறை புதுசு, சிமென்ட்கூட இன்னும் போடவில்லை. மண்மேட்டில் ஒரு மரச் சிலுவையும் செவ்வந்தி மாலையும் மட்டும். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அவள் பெயர் வாசிப்பதைக் கேட்க வந்திருந்தார். காலையிலிருந்து மூன்று தரம் கேட்டுவிட்டார், "பேரு லிஸ்ட்ல இருக்குல்லம்மா?" இருக்கிறது, கடைசி நாள் போட்டதால் கடைசிப் பக்கத்தில் வரும் என்று, பட்டியலைப் பார்க்காமலே, மூன்று தரமும் சொன்னேன்.

ஃபாதர் வாசிக்க ஆரம்பித்தார். முதல் பக்கத்திலேயே ஸ்டேஷனரிக் கடைக்காரர் மரியஜோசப் போய்விட்டார். தன் அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி அணையாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார் மனிதர். மைக்கில் அவர் அப்பா பெயர் வந்தது, அம்மா பெயர் வந்தது, அடுத்தாற்போல் அவர் பெயரும் வந்தது. யாரோ கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்து, "சொல்லுங்க ஃபாதர்" என்றார். அதே பெயரில் வேறு ஆள் போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சமாதானம் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் இறந்தார். விரல் ஒரே கட்டையில் நின்றுபோய், அந்த ஒரு ஸ்வரம் மட்டும் நீளமாக இழுத்துக்கொண்டிருந்தது.  அப்போதும் நான், லூர்து அக்கா எங்கேயோ தப்பு செய்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

அதற்கடுத்து நடந்ததைத்தான் எங்கள் வீட்டில் யாரும் சிரிப்புக் கதையில் சேர்ப்பதில்லை. எங்கள் கல்லறைக்கு இரண்டு வரிசை தள்ளி ரோசம்மா அத்தை நின்றிருந்தார். சொந்தமில்லை, தெருவில் எல்லோருக்கும் அத்தை. கணவர் இறந்து ஆறு வருஷம், ஒரே மகன் ஜெரால்டு சிங்கப்பூரில். தன் அப்பா பெயரை அவன்தான் அங்கிருந்து என் படிவத்தில் அனுப்பியிருந்தான். ஃபாதர் கணவர் பெயரை வாசித்தார், அத்தை சிலுவை போட்டுக்கொண்டார். ஃபாதர் ஜெரால்டு பெயரை வாசித்தார். அத்தை கத்தவில்லை. நின்ற இடத்தில் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

சேதி முதலில் கோயிலுக்கு வந்துவிட்டது, தன்னிடம் மறைத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். இல்லை அத்தை, இல்லை என்று எத்தனை பேர் சொன்னாலும் காதில் ஏறவில்லை. ஜெரால்டுக்குப் போன் போட்டார்கள். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார்கள். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. அப்போது அங்கே நின்ற ஒருவர்கூட யாரையும் பார்க்கவில்லை.

என் போனில் அந்தப் படிவத்தைத் திறந்தேன். மேலே என் பெயரைத் தொட்டேன், நிரம்பியது. கீழே ஐந்து கறுப்புப் பெட்டிகள், ஐந்தும் காலி. ஐந்தாவதில், எழுத்தைத் தேர்வு செய்கிற மாதிரி, விரலை வைத்து அழுத்தி இழுத்தேன். கறுப்புக்குள்ளிருந்து எழுத்துகள் வெளிச்சமாக எழுந்து வந்தன. அது என் பெயர். 

பத்து நிமிஷம் கழித்து ஜெரால்டே கூப்பிட்டான். போனில் சார்ஜ் தீர்ந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. வீடியோவில் அவன் முகத்தைப் பார்த்த பிறகும் அத்தை, "தலையை ஆட்டுடா, இன்னொருவாட்டி ஆட்டு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பீடத்துக்குப் போய், மைக் பக்கத்தில் நின்று, எல்லாம் என்னால்தான் என்று ஃபாதரிடம் சொன்னேன். மைக்கை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. அதனால் எல்லோரிடமும் சொன்னதாகிவிட்டது.

லூர்து அக்கா பட்டியலை மடித்தார். "போதும் ஃபாதர். மிச்சத்தைப் பொதுவா மன்றாடி முடிச்சிருங்க" என்றார். நியாயம்தான். ஆனால் மிச்சத்தில் அம்மா இருந்தாள். திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் அப்பா மண்மேட்டின் பக்கத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"ஃபாதர், எங்கம்மா பேரு கடைசிப் பக்கத்துல இருக்கு" என்றேன்.  ஜூலையிலிருந்து வராத அழுகை, இத்தனை பேரைச் சாகடித்துவிட்டு, மைக் முன்னால் வந்தது.

ஃபாதர் பட்டியலை வாங்கிப் பிரித்தார். மீதிப் பெயர்களையும் வாசிப்பதாகவும், உயிரோடு இருப்பவர்கள் தங்கள் பெயர் வந்தால் தயவுசெய்து கையைத் தூக்கிச் சொல்லிவிடும்படியும் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு அது பூசை மாதிரி இல்லை, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிட்டது. "இருக்கேன் ஃபாதர்" என்று ஒரு மூலையிலிருந்து குரல் வரும், ஃபாதர் பேனாவால் ஒரு கோடு போடுவார். ஒரு அம்மா தன் கணவர் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "இங்குட்டு இருக்காக ஃபாதர், கோடு போடுங்க" என்றார். அந்தச் சேற்றிலும் சிலர் சிரித்தார்கள்.

கடைசிப் பக்கம் வந்தது. பிலோமினா என்று வாசித்தார். நிறுத்தி, தெளிவாக, நன்றாகத்தான் வாசித்தார். நான் ஓடி அப்பா பக்கத்தில் போய் நின்றேன். அடுத்தது, சவரிமுத்து.

அப்பா கையைத் தூக்கவில்லை.

ஃபாதர் காத்திருந்தார். இன்னொரு தரம் வாசித்தார். சுற்றி நின்ற எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். "அப்பா, ஒங்க பேருதான்" என்று முழங்கையால் இடித்தேன். அவர் மண்மேட்டைப் பார்த்தபடியே நின்றார். புதுசாக வந்த ஃபாதருக்கு அப்பாவின் முகம் தெரியாது. பதில் வரவில்லை என்றதும் கோடு போடாமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். வாசித்து முடித்ததும் எல்லா ஆன்மாக்களுக்கும் இளைப்பாறுதல் கேட்டு மொத்தக் கூட்டமும் செபம் சொன்னது. அப்பாவும் சொன்னார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, ஏன் கையைத் தூக்கவில்லை என்று கேட்டேன்.  தெரு திரும்பும்போது சொன்னார்: "அவ பேரை வாசிச்ச கையோட, நான் இருக்கேன்னு கையத் தூக்குறதுக்கு என்னமோ மாதிரி இருந்துச்சும்மா."

ஐந்தாவது பெட்டியைச் சரி செய்ய மறுநாள் இரண்டே வரிகள்தான் தேவைப்பட்டன. ஒன்று எழுத்தின் நிறத்துக்கு, ஒன்று குறிப்புக்கு. அந்தப் பக்கத்தை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. லூர்து அக்கா பழைய சீட்டுப் பெட்டியையே துடைத்து வைத்துவிட்டார். ரோசம்மா அத்தை ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை, அதற்கு அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. இப்போது நான் செய்கிற படிவங்கள் எல்லாம் வெள்ளைப் பெட்டி, கறுப்பு எழுத்து. பிரௌசர் நீலம் பூசினால் பூசிவிட்டுப் போகட்டும்.

எங்கள் குடும்பத்தில் அப்பா அன்றைக்கே காலமாகிவிட்டார். கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் போன் செய்தால், "மறைந்த ஆசிரியர் சாப்பிட்டாரா?" என்றுதான் ஆரம்பிப்பான். வருஷா வருஷம் பென்ஷனுக்காக உயிரோடு இருப்பதை பென்ஷன் ஆபீஸுக்கு நேரில் போய்க் காட்ட வேண்டும், அங்கே அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீங்க இருக்காருன்னு எழுதிக்கங்க. எங்க கோயில்ல வேற மாதிரி எழுதி வச்சிருக்காக" என்று சொல்லி வைப்பார். அங்கே உள்ளவர்களுக்கு அது மனப்பாடம்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளும் அம்மா பெயரை வாசித்ததும் ஃபாதர் ஒரு நொடி நிறுத்தி எங்கள் பக்கம் பார்க்கிறார். இப்போது அவருக்கு அப்பாவை நன்றாகத் தெரியும். கூட்டமும் திரும்பிப் பார்க்கிறது. அப்பா மெதுவாகக் கையைத் தூக்குவார், எல்லோரும் சிரிப்பார்கள், ஃபாதர் அடுத்த பெயருக்குப் போவார். போன வருஷம் அந்தக் கை எழுவதற்குக் கொஞ்சம் நேரமானது. கூட்டம் வழக்கம்போலச் சிரிக்கத் தயாராக நின்றது. நான் அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கை எழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.